சுண்ணாம்புக் கோட்டில் இரண்டு படகுகள்

வாக்அரவுண்ட் படகு நல்லதா, சென்டர் கன்சோல் படகு நல்லதா என்று யாராவது உங்களிடம் கேட்டால், அலுவலகச் சுவரில் தொங்கும் ஒப்பீட்டு அட்டவணையைக் கைகாட்டாதீர்கள். அதைத் தயாரித்தவன் நான்தான். ஒரு பிழைகூடக் கண்டுபிடிக்க முடியாது. எனக்குத் தெரிந்து அதைப் பார்த்து யாரும் ஒரு படகைத் தேர்ந்தெடுத்ததும் இல்லை.

இந்த வாரம் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்காக ஒரு முறை சொல்லிவிடுகிறேன். இரண்டுமே கரையை விட்டு வெகுதூரம் போய்த் தூண்டில் போடுவதற்கான ஃபைபர் படகுகள். வாக்அரவுண்டில் முன்பக்கம் தாழ்வான ஒரு கேபின் இருக்கும். உள்ளே படுக்கலாம், மழைக்கு ஒதுங்கலாம், கதவைச் சாத்திக்கொள்ளும்படி ஒரு கழிப்பறையும் உண்டு. கேபினின் இரு பக்கமும் ஓர் ஆள் போகிற அகலத்தில் சந்து மாதிரி ஒரு பாதை. படியேறி அதன் வழியாகத்தான் முன்முனைக்குப் போக வேண்டும். சென்டர் கன்சோலில் கேபின் கிடையாது. படகின் நடுவே ஸ்டீயரிங் பொருத்திய ஒரு பெட்டி நிற்கும், அதற்குத்தான் கன்சோல் என்று பெயர். அதைச் சுற்றி முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் திறந்த தளம். மாட்டிய மீன் எந்தப் பக்கம் ஓடினாலும் நாமும் கூடவே சுற்றி ஓடலாம். வெயிலும் மழையும் தாராளமாகக் கிடைக்கும்.

கடலைப் பார்க்கப் பஸ் பிடிக்க வேண்டிய ஊரில் படகு செய்கிறோம் என்று உங்கள் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நம் பட்டறை தண்ணீர்த் தொட்டியில் ஆரம்பித்து, பொழுதுபோக்குப் பூங்காக்களின் சறுக்குப் பாதைகளுக்கு வந்து, அங்கிருந்து படகுக்கு வந்தது. தூத்துக்குடிக்காரர் நம்மிடம் வரும்போது தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து வருவார். நம்மைப் படுத்துகிறவர்கள் மதுரைக்காரர்கள்தான். வீட்டுக்கு மனை பார்ப்பதுபோல் படகு பார்ப்பார்கள். ஸ்டீயரிங் எந்தத் திசை பார்த்து இருக்கிறது என்று கேட்டவருக்கு, "நீங்கள் திருப்புகிற திசை" என்று நான் பதில் சொல்லியிருக்கிறேன். அவர் திருப்தியோடு போனார்.

ராசுவும் தவமணியும் அப்படிப்பட்டவர்கள் இல்லை. பூர்வீகம் உசிலம்பட்டிப் பக்கம், விவசாயக் குடும்பம். மதுரை வில்லாபுரத்தில் தூண்டில் சாமான்கள் விற்கும் கடை வைத்திருந்தார்கள். கண்மாயில் கெண்டை பிடிக்கிறவர்கள் முதல் தூத்துக்குடியில் வாடகைப் படகு எடுத்து ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வரை அங்கேதான் தூண்டில் நரம்பும் முள்ளும் வாங்குவார்கள். காலப்போக்கில் கணவன் மனைவி இருவருமே ஞாயிற்றுக்கிழமைகளில் வாடிக்கையாளர்களைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போகத் தொடங்கினார்கள். இருவருமே நன்றாக மீன் பிடிப்பார்கள். தவமணி ஒரு படி மேல் என்று கடைக்கு வருகிறவர்கள் சொல்வார்கள், ராசு கடையில் இல்லாத நேரமாகப் பார்த்து.

இனி வாடகைப் படகு வேண்டாம், சொந்தப் படகு ஒன்று செய்துவிடலாம் என்று ஆனி மாதக் கடைசியில் நம் பட்டறைக்கு வந்தார்கள். கூடவே தவமணியின் தம்பி பாண்டி. ஆடி பிறந்துவிட்டால் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள். ஆடி முடியும்வரை காத்திருந்தால் ஃபைபர் வார்க்கிற அச்சுக் கூடத்தைச் சறுக்குப் பாதை வேலை பிடித்துக்கொள்ளும், அப்புறம் அந்த வருடம் படகு கிடையாது. ஆக, கையில் இருந்தது சில நாட்கள்.

இரண்டு வகைப் படகையும் முற்றத்தில் தாங்கிகள் மேல் நிறுத்தியிருந்தோம். ஏறிப் பார்க்க இரும்பு ஏணி. பாண்டி முதல் ஆளாக ஏறிக் கேபினுக்குள் தலையை விட்டான்.

"மச்சான், இதுல ஒரு ஏசியப் போட்டா அப்பிடியே கொடைக்கானலு."

"எனக்கு இதுதேன் சார்," என்றார் ராசு, கீழே நின்றபடியே. "மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம் போடலேன்னா எனக்கு ஆகாது. படுக்க எடம் வேணும்."

"கடலுக்குப் போயி எவனாச்சும் தூங்குவானா?" என்றார் தவமணி. "எனக்கு அந்தப் பொந்துக்குள்ள மூச்சு முட்டும். காத்து வரணும். தெறந்த படகு போதும்."

"தேனி பஸ்ல கடைசி சீட்டுல நசுங்கி வருவா சார். அப்ப முட்டாது."

"இவரு கடையில ஒரு நாளாச்சும் மத்தியானம் தூங்கி நீங்க பாத்திருக்கீங்களா? கேளுங்க சார்."

நான் கேட்கவில்லை. கணவன் மனைவி சண்டைக்கு நடுவில் விவரம் கேட்பது எந்த நடைமுறையிலும் இல்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். ஏணிக்குப் பக்கத்தில் போகிற நேரம் பார்த்து ராசுவுக்குப் போன் வந்தது. பேசி முடித்தபோது மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள். அடுத்த படகின் ஏணிக்குப் போனோம். மறுபடியும் போன். மணியடித்த சத்தம் எனக்கு ஒரு தடவையும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ராசு என்னைப் போனில் கூப்பிட்டார், இந்தத் தடவை நிஜமாகவே.

"சார், ஒரு ஒதவி. ஆழ்கடலுக்குக் கேபின் வச்ச படகுதான் சரின்னு நீங்களே சொல்லிருங்க. டெக்னிக்கலா ஏதாச்சும் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா."

"உங்களுக்குத் தூங்க இடம் வேண்டும் என்பதற்காகவா?"

குரலைத் தாழ்த்தினார். பிறகு சொன்னார். கடலுக்குப் போகிற நாளுக்கு முதல் நாள் ராத்திரியிலிருந்தே தவமணி தண்ணீர் குடிப்பதில்லை. ஆம்பளைகள் ஆறேழு பேர் இருக்கிற திறந்த படகில் அவருக்குப் போக இடம் ஏது? கேட்டால், எனக்குத் தாகமே எடுக்கவில்லை என்பாராம். போன தடவை கடலிலேயே மயங்கிச் சாய்ந்திருக்கிறார். சிறுநீரகத்தில் கல் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"மத்தவங்க முன்னால இதப் பேசுனா செத்துப் போயிருவா சார். நான் சொன்னதா வெளிய வரக் கூடாது."

அன்று மத்தியானமே தவமணி தனியாக வந்தார். கடைக்குச் சாமான் எடுக்க வந்ததாகச் சொன்னார். நம் பட்டறைக்குப் பக்கத்தில் எடுப்பதற்கு ஃபைபர் தூசியைத் தவிர எந்தச் சாமானும் கிடையாது.

"சார், தெறந்த படகுதான் பாதுகாப்புன்னு நீங்களே அவருகிட்டச் சொல்லிருங்க. கருவி கிருவி வச்சு ஏதாச்சும் கணக்குக் காட்டுங்க."

"காற்றுக்காகவா?"

"காத்துமில்ல ஒண்ணுமில்ல. பைக்ல விழுந்ததுல இருந்து அவருக்கு வலது மொழங்காலு மடங்காது சார். சரியாப் போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காரு. படகு ஆடுறப்ப படியேறி அந்தச் சந்துக்குள்ள போனாருன்னா நேரா கடலுக்குள்ளதேன். போகாதீங்கன்னு சொன்னா அதுக்குன்னே போவாரு. நான் சொன்னேன்னு தெரிஞ்சது, அம்புட்டுதேன்."

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒரே குடும்பம். ஒரே படகு. இருவரும் என்னைப் பொய் சொல்லச் சொல்கிறார்கள், எதிரெதிர்ப் பொய். இரண்டுக்கும் பின்னால் இருக்கிற காரணம் நிஜம். ராசு சொன்னபடி செய்தால் ஒரு நாள் அவர் படகிலிருந்து தவறி விழுவார். தவமணி சொன்னபடி செய்தால் அவர் ஒவ்வொரு ஞாயிறும் தொண்டை வறண்டு ஒரு நாள் எழுந்திருக்கவே மாட்டார். விண்ணப்பத்தில் எல்லாம் கேட்டிருந்தோம். எத்தனை பேர், எவ்வளவு தூரம், எந்த மாதங்கள், எந்த மீன். எல்லாவற்றுக்கும் தெளிவாகப் பதில் எழுதியிருந்தார்கள்.

அப்போதிருந்த மேனேஜர் வயதில் சின்னவர், கெட்டிக்காரர். "அண்ணே, ஏதாவது ஒரு மாடல எழுதிக் கையெழுத்து வாங்குங்க. ரெண்டுமே நம்ம படகுதானே" என்றார். கணக்குப்படி சரி.

இரண்டு பேரையும் உட்கார வைத்து உடைத்துச் சொல்லிவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அதிலிருக்கிற ஆபத்தைச் சொல்கிறேன். முழங்காலைப் பற்றி வெளியாள் ஒருவன் மனைவிக்கு முன்னால் பேசினால், ராசு அந்த நிமிடமே வாக்அரவுண்டுக்குக் கையெழுத்துப் போட்டு, முதல் பயணத்திலேயே முன்முனைக்கு நடந்து காட்டியிருப்பார். தவமணி, அப்படி ஒரு சங்கடமே தனக்கு இல்லை என்று சாதித்திருப்பார். வெட்கப்பட வைத்து விற்ற வசதியை யாரும் உபயோகிப்பதில்லை. மறைத்து வைத்திருப்பதை அவரவரே வெளியில் எடுத்தால்தான் அதற்கு ஒரு வழி செய்ய முடியும். அவர்கள் எடுப்பதற்கு ஓர் இடத்தை உண்டாக்கித் தருவது மட்டும் நம் வேலை.

ஆடிக்கு முந்தின நாள் மூவரையும் வரச் சொன்னேன். காலையிலேயே முற்றத்துத் தரையில், வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டக் கோடு போடுவார்களே அந்த மாதிரி, சுண்ணாம்புத் தூளால் இரண்டு படகுகளையும் முழு அளவில் வரைந்து வைத்தேன். வாக்அரவுண்டின் படி வருகிற இடத்தில் ஹாலோ பிளாக் கற்கள். பக்கத்துச் சந்துக்கு வரிசையாகக் கற்கள். கேபின் சுவருக்கு நாலு சவுக்குக் கம்பும் கயிறும்.

"வாஸ்துவா சார்?" என்றான் பாண்டி.

"கடல். மத்தியானச் சாப்பாடு வரைக்கும் கடலில் இருக்கிறோம். யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தண்ணீர்."

"எனக்கு நீச்சல் தெரியும் சார்."

"அப்படியென்றால் நீங்கள்தான் மீன்."

அவன் கையில் தூண்டில் நரம்பின் நுனியைக் கொடுத்தேன். ராசுவிடம் தூண்டில் கோல். தவமணி ஸ்டீயரிங் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்தார். மேனேஜர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் ஓய்வு பெற இன்னும் எவ்வளவு காலம் என்று கணக்குப் போட்டிருப்பார்.

முதலில் வாக்அரவுண்ட். பாண்டி பின்பக்கம் கொஞ்ச நேரம் இழுத்துவிட்டு, திடீரென்று படகின் ஓரமாக முன்பக்கம் பார்த்து ஓடினான். நல்ல மீன் அப்படித்தான் செய்யும். ராசு கோலோடு திரும்பி முதல் கல்லில் இடது காலை வைத்தார். ஏறினார். வலது கால் கூட வரவில்லை. இரண்டு கையும் கோலில் இருந்ததால் பிடித்துக்கொள்ளவும் எதுவும் இல்லை.

"மச்சான், மீனு இலங்கைக்கே போயிருச்சு!" என்று கத்திய பாண்டி திரும்பிப் பார்த்தான். ராசுவின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"மீனு எங்கயாச்சும் நிக்குமாடா? ஓடு," என்றார் தவமணி. குரல் கடுமையாக இருந்தது, கண் கலங்கியிருந்தது.

அவன் ஓடினான். ராசு மறுபடி முயன்றார். வலது பாதம் கல்லின் விளிம்பில் தட்டியது. சவுக்குக் கம்பில் தோள் மோதி, கயிறு அறுந்து, கேபின் சாய்ந்தது. அவர் விழவில்லை. கல்லின் மேலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுச் சொன்னார்:

"தரையே ஆடல. அதுக்கே இம்புட்டு."

இந்த மாதிரி நேரத்தில் வாயைத் திறக்காமல் இருப்பதற்குப் பயிற்சி வேண்டும். நான் அட்டவணைகள் போட்டுப் பழகினேன்.

அடுத்தது சென்டர் கன்சோல். மேடு பள்ளமில்லாத தரை. பாண்டி சுற்றிச் சுற்றி ஓடினான், ராசு காலை வீசிப் போட்டபடியே விடாமல் கூடவே சுற்றினார். ஒரு கட்டத்தில் மீனுக்குத்தான் மூச்சு வாங்கியது. ராசு சிரித்தார். தீர்ந்தது, இதையே எழுதிவிடலாம் என்று மேனேஜர் வெளியே வந்தார்.

அதற்குள் வெயில் தலைக்கு மேல் வந்திருந்தது. ஒரு தூக்கு நிறைய மோர் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். எல்லோரும் குடித்தோம். தவமணி டம்ளரை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"குடி," என்றார் ராசு.

"தாகமில்ல."

"காலைல இருந்து வெயில்ல ஒக்காந்திருக்க. குடி."

"வேணாங்க. சாப்பாடு வரைக்கும் கோட்டத் தாண்டக் கூடாதுன்னு சார் சொல்லிருக்காருல்ல."

"இது சுண்ணாம்புடி!"

"கடல்னா கடலுதேன்."

தவமணி எழுந்து நிற்கப் பார்த்தார். கால் தள்ளாடியது. ராசு கோலைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்த் தோளைப் பிடித்து மறுபடி உட்கார வைத்தார். பிறகு எங்கள் எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார்.

"என் காலப் பாத்து இந்தப் படகு வேணும்னு நிக்கிற. ஒனக்கு யாரு பாக்குறது? இப்பிடியே காஞ்சு காஞ்சு எனக்கு முன்னாடிப் போயிரலாம்னு நெனப்பா?"

தவமணி நிமிர்ந்து பார்த்தார். "ஒங்களுக்குத் தெரியுமா?"

"கூடக் குடும்பம் நடத்துறவனுக்குத் தெரியாதா? ஏன், என் காலு ஒனக்கு எப்பத் தெரியும்?"

"படியக் கண்டா நீங்க போன் பேசுறது நம்ம தெருவுக்கே தெரியும்."

பாண்டி மோர் டம்ளரோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "ரெண்டு பேருக்கும் எல்லாம் தெரியும்ல. அப்பறம் எதுக்கு என்னைய நாய் மாதிரி ஓடவிட்டீங்க?"

முதலில் சிரித்தது தவமணிதான். மோரையும் குடித்தார். நான் தூரத்தில் இருந்த பட்டறைக் கழிப்பறைச் சாவியைத் தவமணியின் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவசரமாக வேறு எதையோ தேடப் போனேன்.

தவமணி திரும்பி வந்த பிறகு சுண்ணாம்பை எடுத்தேன். கன்சோல் என்பது உள்ளே காலியான பெட்டி. பெரிதாகச் செய்தால் அதற்குள்ளேயே ஒரு கழிப்பறை வைக்கலாம், பக்கவாட்டில் கதவு போடலாம். வெளிநாட்டுப் படகுகளில் இருக்கிறது. நாம் அதுவரை செய்ததில்லை, ஏனென்றால் அதுவரை யாரும் கேட்டதில்லை. யாரும் கேட்காததற்குக் காரணம் இப்போது உங்களுக்குத் தெரியும்.

பெட்டியை எவ்வளவு பெரிதாக்குவது என்பதுதான் பிரச்சினை. பெட்டி அகலமானால் இரு பக்கமும் நடக்கிற இடம் குறையும். ராசுவின் மடங்காத கால் வீசிப்போக இடம் வேண்டும். தவமணி உள்ளே திரும்பி உட்கார இடம் வேண்டும். வியாபாரத்தில் நான் பார்த்த பேரங்களில் இந்த மாதிரி ஒன்றைப் பார்த்ததில்லை.

"எனக்கு இம்புட்டுப் போதும் சார். அவரு பக்கம் விடுங்க."

"போதாது சார். மொழங்கை இடிக்கும். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடுங்க."

"அவரு கால் தட்டும்."

"தட்டாது. நான் ஒருக்களிச்சுப் போயிக்கிருவேன்."

இரண்டு பேரையும் நம்பாமல் டேப்பை நம்பினேன். கோல் பிடித்தபடி ராசுவை நடக்க வைத்து அவர் கால் போன இடத்தில் கோடு போட்டேன். பெயிண்ட் டப்பாவில் உட்கார்ந்த தவமணியின் முழங்கையிலிருந்து முழங்கைக்கு அளந்தேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவரின் கனம் மிஞ்சியது. அது போதும்.

படுக்கை போயிற்று. மழை வந்தால் தலைக்கு மேல் ஒரு கூரைத் துணிதான், நனையத்தான் வேண்டும். அதையும் தெளிவாகச் சொன்னேன். எதையும் விட்டுக்கொடுக்காமல் கிடைக்கிற படகு ஒன்று இருக்கிறது என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

"அண்ணே, இது நம்ம லிஸ்ட்லயே இல்லாத மாடல்," என்றார் மேனேஜர்.

"படகின் உடம்பு நம் லிஸ்டில் இருப்பதுதான். கன்சோலை மாற்றினால் உடம்புக்குப் புதிதாக அனுமதி வாங்கத் தேவையில்லை. எடை எங்கே கூடுகிறது, அதனால் எவ்வளவு சாயும் என்று கணக்குக் கொடுத்தால் போதும். சாயங்காலம் கொடுக்கிறேன்."

நடைமுறைகளை எல்லாம் கரைத்துக் குடித்தவன் என்று என்னைக் கேலி செய்வார்கள். நீங்களும் கரைத்துக் குடியுங்கள். முடியாது என்று சொல்ல எந்த விதியும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. முடியும் என்று சொல்லத்தான் அத்தனையும் தெரிந்திருக்க வேண்டும். கணக்கைக் கொடுத்தேன். ஆடி பிறப்பதற்குள் கையெழுத்தானது. பாண்டி அந்தச் சுண்ணாம்புக் கன்சோலுக்கு நடுவில் சூடம் ஏற்றினான். கழிப்பறைக்குப் பூஜை போட்ட முதல் ஆள் அநேகமாகத் தான்தான் என்று அவனே சொல்லிக்கொண்டான்.

முதல் பயணத்துக்குத் தூத்துக்குடியிலிருந்து என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். புது அமைப்பு என்பதால் நேரில் பார்த்து அறிக்கை எழுத வேண்டும் என்று நான் சொன்னேன். அப்படி ஒரு விதி கிடையாது. மதுரையிலிருந்து வந்த வாடிக்கையாளர்கள் நாலைந்து பேர், எல்லோரும் ஆண்கள். தவமணி ஸ்டீயரிங்கில். கரை கண்ணுக்கு மறைந்த பிறகு அலை பக்கவாட்டில் வரத் தொடங்கியது. பாண்டியின் முகம் வெளுத்தது. கொஞ்ச நேரத்தில் அவன் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். வெளியே வரவில்லை. உள்ளேயிருந்து சாமி பெயர்கள் கேட்டுக்கொண்டிருந்தன.

எஞ்சினை அணைத்துவிட்டுத் தூண்டில் போட்டார்கள். ராசுவின் கோல்தான் முதலில் வளைந்தது. பெரிய பாரை மீனாக இருக்க வேண்டும், நரம்பை இழுத்துக்கொண்டு முன்பக்கம் பாய்ந்தது. ராசு காலை வீசியபடி கன்சோலைச் சுற்றிப் போனார். யாரையும் வழிவிடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தபோது தவமணி ஸ்டீயரிங்கை என் கையில் கொடுத்தார்.

"சார், இதச் சும்மா புடிங்க."

கன்சோல் கதவை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார்.

"டேய் பாண்டி, வெளிய வா."

உள்ளேயிருந்து முனகல். "முடியலக்கா. கரைக்குப் போனதும் வாரேன்."

"எந்திரிடா!"

"அக்கா, இங்கேயே ஒரு ஓரமாச் செத்துப் போறேன். நீ கரைக்குப் போயிப் பாத்துக்கயேன்."

அலைச் சத்தத்தையும் மீறி, அத்தனை ஆண்களும் கேட்க, தவமணி கத்தினார்:

"கரை வரைக்கும் நான் எதுக்குடா அடக்கணும்?"

கதவு திறந்தது. பாண்டி தவழ்ந்து வெளியே வந்தான். தவமணி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ராசு அந்தப் பக்கம் திரும்பவில்லை. வாயெல்லாம் சிரிப்பாக, மீனோடு இரண்டாவது சுற்று சுற்றிக்கொண்டிருந்தார்.